பட்டுக்கோட்டைச் சாலையில் பழைய சேலைகள்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்கு 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம்தான். கல்லணைக் கால்வாயைத் தாண்டி ஒரத்தநாடு சாலையில் ஏறிவிட்டால் இரு பக்கமும் நெல் வயல். 1934-ல் மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்ந்து வந்த கால்வாய் அது. ஊர்க்காரர்களுக்கு இன்றும் புதாறுதான். வயல் குறைந்து தென்னந்தோப்பு தலைகாட்டும் இடத்திலிருந்து, பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் ஒரு காட்சி விடாமல் படும். கத்தரித் தோட்டம், வெண்டைப் பாத்தி, புதிதாக நட்ட தென்னங்கன்று என எதைப் பார்த்தாலும் அதைச் சுற்றிப் பழைய சேலைகள். நான்கு மூலையிலும் குச்சி நட்டு, முந்தானையை ஒரு குச்சியிலும் உடலை அடுத்ததிலும் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆரஞ்சு, கிளிப்பச்சை, ஊதா. காற்றில் துணி படபடக்கும்போது ஆடு ஒதுங்கிப் போகிறது, மயில் இறங்கத் தயங்குகிறது.

கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அந்த வேலியில் பருத்திச் சேலை ஒன்றுகூட இல்லை. எல்லாம் பாலியஸ்டர், நைலக்ஸ் ரகம். பருத்தி ஒரு மழைக்காலத்தில் மக்கிவிடும், செயற்கை இழை அடுத்த வருடமும் நிற்கும். அதனால் நைந்த பருத்திச் சேலை வேலிக்குப் போவதில்லை. பிள்ளைக்குத் தூளியாகவும், பெரியவர்களுக்கு விரிப்பாகவும், அடுப்படியில் கரித்துணியாகவும், கடைசியில் விளக்குத் திரியாகவும் போகிறது. எந்தத் துணி எங்கே போக வேண்டும் என்ற கணக்கு இந்த வட்டாரத்து வீடுகளில் எழுதி வைக்காமலே புழங்குகிறது.

வீட்டில் மிஞ்சிய பொருளை என்ன செய்வது என்ற கேள்வி இன்று பெருநகரத்து அடுக்குமாடிகளின் கேள்வியாகிவிட்டது. அலமாரி திறந்தால் மூடவில்லை, பரண் நிறைந்து லாப்ட் வழிகிறது, தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மூட்டை கட்டுகிறார்கள். அந்த மூட்டை எங்கே போகிறது, போன இடத்தில் என்ன ஆகிறது என்பதைப் பார்க்கப் பட்டுக்கோட்டையைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. கொடுப்பதிலும் இந்த மண்ணுக்குப் பழக்கம் உண்டு, வாங்குவதில் பட்ட காயமும் உண்டு.

ஒரத்தநாட்டில் இறங்கி முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-ல் கட்டியது. இராமேசுவரம் போகிற யாத்திரிகர்களுக்குச் சோறும் படுக்க இடமும் கொடுத்த சத்திரங்களின் வரிசையில் இது ஒன்று. அந்தச் சத்திரங்களை மூடிவிடக் கூடாது என்று 1801-ல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு சரபோஜி எழுதிய கடிதம் ஆவணங்களில் இருக்கிறது. அன்னதானம் நடக்கிறது என்று பொதுவாக எழுதி அவர் நிறுத்திவிடவில்லை. வழியில் நோயில் விழுந்தவருக்கு வைத்தியம், குழந்தைகளுக்குப் பால், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பேறு முடிந்து உடம்பு தேறும்வரை கவனிப்பு, அனாதைக் குழந்தைகளுக்குப் படிப்பு என்று வந்து நிற்பவர் யார் என்று பார்த்துப் பார்த்துச் செய்ததை வரிசையாகச் சொல்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தானத்தின் முறை இவ்வளவு தெளிவாக இருந்த மண் இது என்பதை அந்தச் சத்திரத்தின் முன் நிற்கும்போது நினைக்காமல் இருக்க முடியாது.

பட்டுக்கோட்டை பேருந்து நிலையத்தில் இறங்கினால் காலையிலேயே ஊர் சூடாக இருக்கிறது. தேங்காய் வியாபாரிகள், அதிராம்பட்டினத்திலிருந்து மீன் கூடையோடு வருபவர்கள், நாடியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். மணிக்கூண்டைச் சுற்றிய கடைத்தெருவில் பாத்திரக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. பழைய பித்தளையைக் கொடுத்துவிட்டுப் புது எவர்சில்வர் எடுத்துக்கொண்டு போவது இங்கே சாதாரண வழக்கம். எடை போட்டு, சேதாரம் கழித்து, மீதிக்குப் பாத்திரம். அப்படிப் போகிற பித்தளையில் ஒரு பங்கு உருக்குப் பட்டறைகளுக்கு வந்து சேர்கிறது. கும்பகோணம் பக்கத்தில் நாச்சியார்கோயிலில் வார்க்கிற குத்துவிளக்குகளுக்குப் பழைய பித்தளைத் துண்டுகளும் உருகுகின்றன. பாட்டியின் தவலை வேறொரு வீட்டின் கல்யாணச் சீரில் விளக்காக நிற்கக்கூடும்.

ஊர்ப்பக்கம் இந்த வியாபாரம் வாசலுக்கே வரும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்ற கூவலை நாற்பது வயதைத் தாண்டிய தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். துருப்பிடித்த தாழ்ப்பாளையும் ஓட்டை வாளியையும் பிள்ளைகள் தேடித் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். இரண்டு சேலைக்கு ஒரு டிபன் பாக்ஸா, மூன்று சேலைக்கா என்று வாசலில் நடக்கிற பேரத்தில் பெண்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை. சேலையை விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கிழிசல் எங்கே இருக்கிறது என்று பாத்திரக்காரர் பார்ப்பார். உடுத்தத் தகுந்தது பழைய துணிச் சந்தைக்கு. உடுத்த முடியாத பருத்தி மெக்கானிக் ஷெட்டுக்கு, எண்ணெய் துடைக்க. பட்டுப்புடவை என்றால் தனி விலை. அதன் ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காகவே வாங்கி எரித்து எடுக்கிற வியாபாரிகள் இருக்கிறார்கள்.

அறந்தாங்கி முக்கத்தைத் தாண்டி உள்ளே போனால் காயலான் கடைகள். இந்தப் பயணத்தில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான். வாசலில் எலெக்ட்ரானிக் தராசு. அதன் பக்கத்தில் ஒரு கயிற்றில் காந்தம் தொங்குகிறது. சாக்கிலிருந்து கொட்டுகிற ஒவ்வொன்றையும் கடைக்காரர் காந்தத்தில் ஒரு தொடு தொடுகிறார். ஒட்டினால் இரும்புக் குவியல், ஒட்டாவிட்டால் நகத்தால் சுரண்டிப் பார்த்து அலுமினியமா, பித்தளையா, எவர்சில்வரா என்று முடிவு. கெட்டி இரும்பு ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம். பிளாஸ்டிக்கிலும் கெட்டிக்கு ஒரு விலை, பால் கவருக்கு ஒரு விலை. மோட்டாரைப் பிரித்து உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியை உருவுகிறவருக்குத் தனி மூலை. பத்துப் பதினைந்து வகையாகப் பிரிக்கிற இந்த வேலையை எந்த அரசுத் திட்டமும் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தமிழ்நாட்டின் குப்பை இந்த அளவுக்காவது குறைவதில் இந்தக் கடைகளுக்கும், சாக்கோடு தெருத்தெருவாக அலைகிறவர்களுக்கும் இருக்கும் பங்கை யாரும் போதுமான அளவு பாராட்டியதில்லை.

கடையின் பின்பக்கம் அடுக்கி வைத்திருப்பது தமிழகத்தின் சமீபத்திய வரலாறு. 2006-ல் தொடங்கிய திட்டத்தில் அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சிகளைக் கொடுத்தது. 2011-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன, பிள்ளைகளுக்கு மடிக்கணினியும் வந்தது. பெட்டி டிவி போய்த் தட்டை டிவி வந்ததும் பழையவை திண்ணைக்கும், அங்கிருந்து மாட்டுக்கொட்டகைக்கும், கடைசியில் இங்கேயும் வந்து சேர்ந்தன. சில வீடுகளில் படக்குழாயைக் கழற்றிவிட்டு வெறும் கூட்டில் வைக்கோல் போட்டுக் கோழியை அடைகாக்க வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். கழற்றிய படக்குழாயை மட்டும் வயலோரம் வீசி உடைக்கக் கூடாது. அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, மண்ணுக்கும் கிணற்றுக்கும் அது கேடு. மின்னணுக் கழிவுக்கு 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் புதிய விதிகள், பொருளைத் தயாரித்த நிறுவனத்துக்கே அதை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைக் கொடுக்கின்றன. ஒரு கிராமத்துப் பெண் தன் வீட்டு டிவியை எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்ற விவரம் அவர் தெருவரை வந்து சேர வேண்டும்.

மிக்சிகளின் கதை அவ்வளவு மோசமில்லை. கடைத்தெருச் சந்து ஒன்றில் காயில் கட்டித் தருகிற சின்னக் கடையில் அதே இலவச மிக்சிகள் வரிசையாக நிற்கின்றன. கருகின கம்பியை அவிழ்த்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றுகிறார்கள். புஷ் போனால் புஷ், பிளேடு போனால் பிளேடு. புதிது வாங்குவதில் ஒரு சிறு பங்கு செலவில் இன்னும் சில வருடத்துக்குச் சட்னி அரைபடும். பழைய பொருளுக்குப் புது உபயோகம் கண்டுபிடிப்பதற்கு முன்னால், அதன் பழைய உபயோகத்தையே திருப்பிக் கொடுக்க ஒரு ஆள் ஊரில் இருக்கிறார் என்பதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஈயம் பூசுகிறவரும், அம்மி கொத்துகிறவரும், குடை ரிப்பேர்க்காரரும் தெருவில் வந்த காலத்தில் பரணில் இவ்வளவு சேரவில்லை.

பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி பக்கம் போகப் போகத் தென்னை அடர்கிறது. தென்னையில் வீண் என்று ஒன்றை இங்கே ஒதுக்குவதில்லை. ஓலை கீற்றாகிறது, ஈர்க்கு விளக்குமாறாகிறது, கொட்டாங்கச்சி அகப்பையாகவும் கரியாகவும் ஆகிறது. மட்டை கயிறாகிறது. நார் எடுத்தபின் மிஞ்சும் தூள் ஒரு காலத்தில் சாலையோரம் மலைபோல் கிடந்தது. இன்று அதைக் கட்டியாக அழுத்தி, மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்க வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். யூரியா சாக்கைப் பிரித்துத் தைத்தால் நெல் காயவைக்கும் படுதா. விரிசல் விட்ட பிளாஸ்டிக் குடத்தைப் பாதியாக அறுத்தால் அடிப்பாகம் கோழிக்குத் தண்ணீர் வைக்க, மேல்பாகம் கவிழ்த்து நாற்றுக்கு மூடி. கட்சிக் கூட்டம் முடிந்த மறுநாளே பிளெக்ஸ் பேனர்கள் வைக்கோல் போருக்கு மேலே ஏறிவிடுகின்றன.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. எதற்காவது ஆகும் என்று கொல்லையில் போட்டு வைக்கிற பழைய டயரிலும் கொட்டாங்கச்சியிலும் மழைநீர் தேங்கினால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே பிறந்த வீடு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். ஐப்பசி மழையில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். சேர்த்து வைப்பதும் மறுபடி பயன்படுத்துவதும் ஒன்றில்லை.

இந்தச் சாலையிலுள்ள ஒரு கிராமத்து வீட்டுத் திண்ணையில் நடந்த உரையாடல் இது. விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த பேத்தி, காரின் பின்பக்கத்திலிருந்து இரண்டு பெரிய மூட்டைகளை இறக்கினாள். அவள் அப்பாயி வெற்றிலையை ஓரங்கட்டிவிட்டு முடிச்சை அவிழ்த்தார்.

"இதெல்லாம் யாருக்கு ஆத்தா கொண்டாந்தே?"

"யாருக்காச்சும் குடுத்துடலாம்னுதான் அப்பாயி."

"யாருக்காச்சும்னா யாருக்கு? பேரைச் சொல்லு."

பேத்தியிடம் பேர் இல்லை. அப்பாயி ஒவ்வொன்றாக எடுத்து உதறினார். ஒரு சட்டையில் மூன்று பட்டன் இல்லை. "இதைப் போட்டுக்கிட்டு அவன் எங்க போவான்?" என்று தனியே வைத்தார். ஜிப் போன பள்ளிக்கூடப் பையைத் தைக்கக் கொடுக்க வேண்டும் என்றார். குழந்தைத் துணிகளை முகர்ந்து பார்த்து, பெட்டி வாசனை அடிக்கிறது, துவைத்து வெயிலில் போட்டுத்தான் கொடுக்கணும் என்றார். ஒரு கல்யாணத்துக்கு மட்டும் கட்டிய கனமான டிசைனர் சேலையை நீண்ட நேரம் பார்த்துவிட்டு மடித்தார். நாத்து நடுகிறவளுக்கு இது எதற்கு, கல்லூரியில் படிக்கிற பெண் யாராவது விசேஷத்துக்குக் கேட்டால் கொடுக்கலாம் என்று பரணில் வைக்கச் சொன்னார். இரண்டு நைந்த பருத்திச் சேலைகளை மட்டும் உடனே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். எதிர்வீட்டில் மருமகள் நிறைமாதம், தூளிக்கு ஆகும். புதுத் துணி பச்சைப் பிள்ளையின் தோலை உறுத்தும், பலமுறை துவைத்த பருத்தி உறுத்தாது. பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணி போடுகிற வழக்கத்தின் காரணம் அது. தூளியில் கிடக்கிற பிள்ளைக்கு அது யார் கட்டிய சேலை என்று ஊருக்கே தெரியும். அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது.

பழைய பொருளை வாங்குவதில் அவமானம் இல்லை. எனக்கென்று நினைத்துக் கொடுத்தார்களா, தங்கள் வீட்டில் இடம் இல்லை என்று தள்ளிவிட்டார்களா என்பதை வாங்குகிறவர் ஒரு நொடியில் கண்டுகொள்கிறார். அந்த வேறுபாட்டை இந்தக் கடற்கரை இரண்டு பேரிடர்களில் பார்த்துவிட்டது.

முதலாவது 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாக உதவி வந்தது. அதில் பெரும் பகுதி பழைய துணி. கிழிந்தவை, அழுக்கானவை, மீனவப் பெண்கள் உடுத்தவே உடுத்தாத வகைத் துணிகள், வெயில் கொளுத்தும் கரைக்குக் கம்பளி ஸ்வெட்டர்கள். முந்தின நாள்வரை உழைத்துச் சம்பாதித்து நல்ல துணி கட்டிக்கொண்டிருந்த மக்கள் அவர்கள். அந்தத் துணிகளை எடுக்க மறுத்தார்கள். சாலையோரங்களில் துணி குவியலாகக் கிடந்து மழையில் நனைந்து நாறியது. எல்லாவற்றையும் இழந்து நிற்கிறவரிடம், வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் யாரும் பறித்துவிட முடியாது என்பதை அந்தக் குவியல்கள் காட்டின.

அப்போது இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. நாகையில் 2005 தொடக்கத்தில், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சினேகா அமைப்பும் மாவட்ட நிர்வாகத்தோடு கைகோத்துத் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. எந்தக் குப்பத்துக்கு என்ன தேவை, யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்பதை அங்கே ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். இன்னொன்று, டெல்லியிலிருந்து கூஞ்ச் அமைப்பு வந்தது. அன்ஷு குப்தா 1999-ல் தன் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த 67 துணிகளோடு தொடங்கிய அமைப்பு அது. தமிழ்நாட்டில் யாருக்கும் ஆகாமல் கிடந்த துணிகளை அரசோடு சேர்ந்து அள்ளிப் பிரித்தார்கள். அமைப்பின் கணக்குப்படி 20 லட்சத்துக்கும் மேற்பட்ட உருப்படிகள்.

கூஞ்ச் செய்ததில் கற்றுக்கொள்ள வேண்டியது பிரிக்கும் பொறுமையை. வந்த துணியைத் துவைத்து, தைத்து, பட்டன் வைத்து, வயது பார்த்து, அளவு பார்த்து, எந்த மாநிலத்தில் எது உடுத்துவார்கள் என்று பார்த்துக் கட்டுகிறார்கள். உடுத்தவே முடியாத பருத்தியைச் சுத்தம் செய்து மாதவிடாய் நாப்கினாகத் தைக்கிறார்கள். இலவசமாக அள்ளிக் கொடுப்பதையும் அவர்கள் தவிர்க்கிறார்கள். ஒரு கிராமம் தானே கூடிக் குளத்தைத் தூர்வாரினாலோ மூங்கில் பாலம் கட்டினாலோ, அந்த உழைப்புக்குப் பரிசாகத் துணியும் வீட்டுச் சாமான்களும் போகின்றன. வாங்குகிறவர் கை ஏந்தி நிற்பதில்லை. அன்ஷு குப்தாவுக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது.

இரண்டாவது அடி பட்டுக்கோட்டையின் மேலேயே விழுந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று உள்நாடுவரை தென்னையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் தோப்புத் தோப்பாக மரங்கள் சாய்ந்தன. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு இழப்பீடு அறிவித்தது. நட்டு ஐந்தாறு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்தால்தான் காய்க்கத் தொடங்கும் மரம் அது.

அந்த நாட்களில் ஊர் மக்கள் கேட்டது தார்ப்பாய். கூரை பறந்த வீட்டுக்கு மேலே போட. மெழுகுவத்தி, கொசுவத்தி, குடிநீர், அரிசி, பால் பவுடர், மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர். தெருவே சேர்ந்து காசு போட்டு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தண்ணீர் பிடித்தார்கள். வெளியூரிலிருந்து வந்த வண்டிகளில் நல்ல உள்ளத்தோடு வந்தவை ஏராளம், அவற்றால் பசியாறிய ஊர்கள் பல. அதே வண்டிகள் பிரதான சாலையிலேயே நின்றுவிட்டதால், மரம் விழுந்து வழி அடைபட்ட உட்கிராமங்களுக்கு எதுவும் எட்டவில்லை என்பதும் உண்மை. கல்லணைக் கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் வருவதுபோலத்தான் உதவியும் வந்தது, மேலே இருப்பவர்கள் எடுத்தது போக. பழைய துணி மூட்டைகளும் வந்தன. நனைந்த வீட்டில், காயப்போட இடமில்லாத ஊரில், துவைக்காத துணி மூட்டையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்?

அப்போதும் உதவியது ஊரின் பழைய பழக்கம்தான். பிளெக்ஸ் பேனர்களே முதல் நாள் கூரையாயின. விழுந்த மரத்தின் ஓலையை முடைந்து கீற்றாக்கினார்கள். வைரம் பாய்ந்த முதிர்ந்த மரங்கள் அறுபட்டு விட்டமாகவும் சட்டமாகவும் ஆயின. மற்றவை மிகக் குறைந்த விலைக்குச் செங்கல் சூளைக்குப் போயின.

நகரங்களில் இதற்கான ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. ஈரானின் மஷத் நகரில் 2015-ல் யாரோ ஒருவர், தேவையில்லாததை விட்டுச் செல்லவும் தேவையானதை எடுத்துக்கொள்ளவும் சொல்லி ஒரு சுவரில் ஆணிகளை அடித்து வைத்தார். அந்த யோசனை உலகெங்கும் பரவித் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு 'அன்புச் சுவர்' என்ற பெயரில் வந்தது, பிறகு தமிழகத்தின் பல ஊர்களுக்கும் போனது. 2023 மே மாதம் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் இயக்கம் ஒன்றில், பழைய துணி, புத்தகம், பொம்மை, பிளாஸ்டிக் சாமான்களை வாங்கிக்கொள்ளும் மையங்களை நகர்ப்புற உள்ளாட்சிகளில் திறந்தார்கள். நல்ல முயற்சிகள்தான். ஆனால் சுவர் துணியைப் பிரிக்காது. பொறுப்பான ஆள் ஒருவர் தினமும் வந்து பார்க்காத அன்புச் சுவர் கொஞ்ச நாளிலேயே கந்தல் குவியலாகிவிடும். பட்டுக்கோட்டை போன்ற ஓர் ஊரில் இப்படி ஒரு மையம் நன்றாக நடக்க வேண்டுமானால், அதை ஒரு தையற்காரரிடமும், ஒரு காயில் கட்டுகிறவரிடமும், தெரு நிலவரம் தெரிந்த மகளிர் சுய உதவிக்குழுவிடமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மூவருக்கும் சம்பளமும் கொடுக்க வேண்டும்.

வழியே இல்லை என்று எரிப்பதைவிட எதுவும் மேல். 2018 போகியன்று சென்னையில் எழுந்த புகைமூட்டத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அன்று எரிந்ததில் டயர், பிளாஸ்டிக், துணி எல்லாம் இருந்தன. அதே துணி ஹரியானாவின் பானிப்பட்டுக்குப் போயிருந்தால் பஞ்சாகக் கிழிபட்டு மறுபடி நூலாகியிருக்கும். உலகத்தின் பழைய கம்பளித் துணிகள் அங்கே வந்து மலிவு விலைப் போர்வைகளாகின்றன. பேரிடர் முகாம்களில் கொடுக்கிற போர்வைகளில் பல அந்த ஊர்த் தறியில் நெய்தவை.

பழைய வீடுகளுக்கும் இப்படி மறுவாழ்வு உண்டு. பட்டுக்கோட்டையிலிருந்து ரயிலில் ஏறினால் பேராவூரணி, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடி. மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்தபிறகு பயணம் சொகுசாகிவிட்டது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் இறங்கி நடந்தால், செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது கழற்றிய கதவுகள், தேக்குத் தூண்கள், எனாமல் பாத்திரங்கள், பல்லாங்குழிகள் கடை கடையாக இருக்கின்றன. டெல்டாவின் பழைய வீடுகளில் நெல் கொட்டி வைத்த பத்தாயங்களின் பலகைகளும் இப்போது மேசையாகவும் அலமாரியாகவும் உருமாறுகின்றன. சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இந்த வேலையை மிகுந்த மரியாதையோடு செய்தது. இடிக்கவிருந்த வீடுகளை வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, ஊர்த் தச்சர்களையும் கொத்தர்களையும் வைத்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அங்கே நிற்கிற செட்டிநாட்டு வீடு அப்படி இடம் பெயர்ந்து வந்ததுதான். பிரிக்கத் தெரிந்தவர் கையில் போனதால் அது பிழைத்தது.

ஒவ்வொரு வருடமும் ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவாகிவிட்டது என்று வானொலி சொல்லும். அடுத்த முறை அப்படி ஒரு செய்தி கேட்டு உங்கள் கை அலமாரிப் பக்கம் போனால், மூட்டை கட்டுமுன் அந்த ஊரில் இருக்கிற ஒருவரைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஊராட்சித் தலைவர், பள்ளி ஆசிரியர், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் கட்டுப்பாட்டு அறை என்று யாராவது ஒருவர் இருப்பார். தார்ப்பாய் என்றால் தார்ப்பாய் வாங்கி அனுப்புங்கள், துணியே வேண்டாம் என்றால் அனுப்பாதீர்கள். புயல் இல்லாத மாதங்களில் உங்கள் பழைய துணியைத் துவைத்து, பட்டன் தைத்து, இஸ்திரி போட்டு, ஆண், பெண், குழந்தை என்று பிரித்து, அளவை எழுதி வையுங்கள். ரிப்பேர் ஆன மிக்சியைச் சரிசெய்து ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். யாருக்கு என்று ஒரு பெயர் தெரிந்த பிறகு கொடுங்கள்.